தாயாரை மும்பைக்கு அழைத்துச் செல்ல எந்த வழி: கொங்கன் கடலோரமா, மதுரை–புனே வழியா?

முக்கூடல்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 72. அவருடைய அக்கா, அதாவது என் பெரியம்மா, கல்யாணமாகிப் போன நாள் முதல் மும்பை தாராவியில் இருக்கிறார். ஊர்க் கோயில் கொடை விழாவுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவர், இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு பயணம் செய்ய இயலாதவராகிவிட்டார். அக்காவும் தங்கையும் தினமும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும், "ஒரு தடவை அக்கா பக்கத்துல போய் உட்கார்ந்துட்டு வந்திருதேன்" என்று அம்மா கேட்கத் தொடங்கிய பிறகு இனித் தள்ளிப்போடுவது முறையாகாது என்று நினைக்கிறேன்.

விமானத்துக்கு அம்மா உடன்படவில்லை. அரிசியும் கருப்பட்டியும் கொண்டுபோக முடியாது என்பது அவர் சொல்லும் காரணம். பயம் என்பது நான் ஊகிக்கும் காரணம். ஆகவே ரயில்தான். கொடைக்கு வரும் மும்பை உறவினர்கள் கொங்கன் பாதையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, போனால் கடல் பக்கமாகப் போகும் வண்டியில்தான் போக வேண்டும் என்ற ஆசையையும் அவர் மனத்தில் ஏற்றிவிட்டார்கள். எனக்கோ, மதுரை, புனே வழியாகப் போகும் வண்டிதான் வசதி என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எனக்கு ஆடி மாதத்தில் விடுப்புக் கிடைக்கும். நம் பக்கம் சாரலும் காற்றுமாக இருக்கும் காலமாதலால் பயணத்துக்கும் இதமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். எந்த வழி, எந்த மாதம், மும்பையில் எங்கே இறங்குவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்பூர்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி. எனக்கும் சொந்த ஊர் நம் பக்கம்தான். பிழைப்புக்கு மும்பை வந்து இங்கேயே தங்கிவிட்டேன். நீங்கள் வழியை முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் இறங்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வயதானவர்களை அழைத்து வரும்போது ரயிலில் கழியும் ஒன்றரை நாளைவிட, ரயிலை விட்டு இறங்கி வீடு போய்ச் சேரும் நேரம்தான் அவர்களை அதிகமாகச் சோர்வடையச் செய்கிறது.

திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டு நாகர்கோவில், திருவனந்தபுரம், எர்ணாகுளம், மங்களூர், மட்காவ் என்று கொங்கன் வழியாகப் போகும் ஜாம்நகர் விரைவு வண்டியும் காந்திதாம் ஹம்சஃபரும் குஜராத்துக்குப் போகிற வண்டிகள். வாரத்தில் சில நாட்கள் மட்டுமே அவை உண்டு. அவை மும்பை நகருக்குள் வருவதில்லை. பன்வேலில் நின்றுவிட்டு, வசாய் ரோடு வழியாகச் சூரத் பக்கம் திரும்பிவிடும். மலாட், போரிவலி பக்கத்தில் உறவினர் இருப்பவர்களுக்கு வசாய் ரோடு நல்லது. தாராவிக்குப் போகிறவர்கள் பன்வேலில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஹார்பர் பாதை லோக்கல் வண்டி செம்பூர், குர்லா வழியாகப் போகிறது. ஆனால் தாராவிக்கு அருகிலுள்ள சயான் நிலையம் மத்தியப் பாதையில் இருப்பதால் குர்லாவில் படியேறி மாற வேண்டும். முழங்கால் வலியுள்ளவரை, மூட்டைகளோடு, அந்தக் கூட்டத்தில் ஏற்றி இறக்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பன்வேலிலிருந்து வாடகைக் கார் பிடித்தால் சயான்–பன்வேல் நெடுஞ்சாலை, பெயருக்கேற்ப, உங்களை நேராக சயானில் கொண்டுவந்து விடும். தாராவி அதை ஒட்டியே இருக்கிறது.

நீங்கள் நினைத்திருக்கும் நாகர்கோவில்–மும்பை வண்டியோ மதுரை, குண்டக்கல், சோலாப்பூர், புனே என்று சுற்றிக்கொண்டு வந்தாலும், தாதர் வரை கொண்டுவந்து சேர்க்கும். தாதரிலிருந்து தாராவிக்கு டாக்சியில் சிறிது தூரம்தான். இறங்கும் வசதி ஒன்றையே பார்த்தால் உங்கள் எண்ணம் சரி.

மூன்றாவதாக ஒன்று உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து தினமும் காலையில் புறப்படும் நேத்ராவதி விரைவு வண்டி, கொங்கன் வழியாகவே வந்து, குர்லாவை ஒட்டிய லோகமான்ய திலக் முனையத்தில் முடிகிறது. அங்கிருந்து தாராவி பக்கம். ஆனால் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்த வண்டியைப் பிடிக்க நீங்கள் முந்தைய நாளே திருவனந்தபுரம் போய்த் தங்க வேண்டியிருக்கும். தாயாரின் உடல்நிலைக்கு அது தேவைதானா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

தண்டவாளத்தார் எழுதியது:

எந்த வழி என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். ஆடி மாதம் என்பதில் இருக்க முடியாது. அதைக் கைவிடுங்கள்.

நம் திருநெல்வேலிச் சீமை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, மிச்சமிருக்கும் சாரலைத் தென்காசி, குற்றாலத்துக்குத் தந்துவிட்டு, முக்கூடல் வரும்போது வெறுங்காற்றாக வருகிறது. அந்த "அந்தப் பக்கம்" என்பதுதான் நீங்கள் போகப்போகும் பாதை. நமக்கு இதமாக இருக்கும் அதே ஆனி, ஆடி மாதங்களில்தான் மங்களூருக்கும் மும்பைக்குச் சற்று முன்னால் வரும் ரோகாவுக்கும் இடையே மழை கொட்டித் தீர்க்கும்.

கொங்கன் பாதை ரோகாவிலிருந்து மங்களூரை அடுத்த தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர். பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் கட்டப்பட்டு, 1998 ஜனவரியில் முழுப் பாதையிலும் போக்குவரத்துத் தொடங்கியது. மலையை வெட்டி இறக்கிய பள்ளங்களின் நடுவே தண்டவாளம் போகும் இடங்கள் அதில் ஏராளம். இருபுறமும் செங்குத்தாக நிற்கும் செம்மண்ணும் பாறையும் மழையில் ஊறினால் சரியும். 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜூன் மாதத்தில் இப்படிச் சரிந்த பாறைகளால் உயிர்ச்சேதத்துடன் கூடிய விபத்துகள் நேர்ந்தன. சரிவுகளில் வலை கட்டுவது, வெட்டுகளை அகலப்படுத்துவது, மழைக்காலம் முழுவதும் இரவு பகலாகத் தண்டவாளத்தில் ஆட்களை நடக்கவைத்துக் கண்காணிப்பது ஆகியவை பழகிப்போன ஏற்பாடுகளாகிவிட்டன. அவற்றோடு சேர்ந்ததுதான் மழைக்கால அட்டவணை. நெடுங்காலமாக ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை இருந்த அது, 2025இல் ஜூன் 15 முதல் அக்டோபர் 20 வரை என்று சுருக்கப்பட்டது. அந்த நாட்களில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்து, நேரத்தையும் மாற்றி அமைப்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, பாதுகாப்புக்காகத்தான் மெதுவாக ஓட்டுகிறார்கள். ஆனால் கனமழையில் எங்காவது மண் விழுந்துவிட்டால் வண்டி ஏதாவது ஒரு சிறு நிலையத்தில் மணிக்கணக்கில் நிற்கும், அல்லது வேறு பாதையில் திருப்பிவிடப்படும். இன்சுலின் போடும் ஒருவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆடி போய் ஆவணி வந்தால் விநாயகர் சதுர்த்தி. மும்பையில் இருக்கும் கொங்கன் மக்கள் அனைவரும் ஊருக்குப் போய்த் திரும்பும் காலம் அது. ரத்னகிரி, சிப்ளூனில் ஏறும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த வாரத்தில் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். மார்கழி, தை, மாசிதான் அந்தப் பாதைக்கு ஏற்ற காலம். மும்பையிலும் அப்போதுதான் வியர்வை இல்லாமல் இருக்கலாம்.

பாளை வீட்டிலிருந்து எழுதியது:

தம்பி, நான் என் மாமியாரை இந்த வழியில் அழைத்துப் போய் வந்தவள் என்பதால் சொல்கிறேன். கடல் பாதை என்ற பெயரை நம்பி, ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடல் கூடவே வரும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். கொங்கன் ரயில் பெரும்பாலும் கடலிலிருந்து விலகி, மலையடிவாரத்தில்தான் ஓடுகிறது. சுரங்கத்துக்குள் நுழைவதும் வெளியே வருவதுமாக இருக்கும். ரத்னகிரியைத் தாண்டியதும் வரும் கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரைக் கிலோமீட்டர். அதுபோக, நம் ஊரிலிருந்து காலையில் புறப்படும் வண்டி மங்களூரை எட்டும்போது இருட்டிவிடும். ஹொன்னாவரில் ஷராவதி ஆற்றின் மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் ஒரு பாலம் இருக்கிறது. எல்லோரும் சொல்லும் அந்தப் பாலத்தைத் தாண்டும்போது அம்மா நன்றாக உறங்கிக்கொண்டிருப்பார்.

ஆனாலும் அந்த வழியில்தான் போகச் சொல்வேன், கேரளத்துக்காக. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே வண்டி நுழையும்போதே வெயிலின் நிறம் மாறிவிடும். வர்க்கலையைத் தாண்டி இடவாவுக்கும் பரவூருக்கும் இடையில் காப்பில் என்ற இடத்தில் காயலும், அதற்கு அப்பால் கடலும் தெரியும். சொரனூரிலிருந்து குற்றிப்புறம் வரை பாரதப்புழை கூடவே வரும். போகும்போது இதெல்லாம் பெரும்பாலும் இடப்பக்கத்தில். எர்ணாகுளத்துக்கு முன்னால் ஆலப்புழை வழியா, கோட்டயம் வழியா என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆலப்புழை வழி என்றால் இன்னும் நல்லது. பகல் முழுவதும் எங்காவது தண்ணீர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். புனே வழியில் குண்டக்கல்லைத் தாண்டியபின் காய்ந்த தரிசும் கரிசலும்தான். அதைப் பார்க்க நாம் கோவில்பட்டியைத் தாண்டிப் போக வேண்டுமா என்ன!

கீழ்ப்படுக்கைக்கு ஒரு செய்தி. முதியவர்களுக்கென்று கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. ஆனால் அந்தத் தகுதியுள்ள ஒருவரோ இருவரோ தனிச் சீட்டில் பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். உங்கள் பெயரையும் ஒரே சீட்டில் சேர்த்தால் அம்மாவுக்கு நடுப்படுக்கை விழுந்தாலும் விழும். அம்மாவின் சீட்டைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். உங்களுக்கு வேறு பெட்டி கிடைத்தாலும் பரிசோதகரிடம் சொல்லி, மேல்படுக்கைக்காரர் ஒருவரோடு மாற்றிக்கொள்ளலாம். மேல்படுக்கை கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, கீழ்ப்படுக்கை கேட்டால்தான் முகம் சுருங்கும். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் வாழை இலையில் கட்டிக்கொள்ளுங்கள். பொடி தடவும்போது நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் இரவு வரை இட்லி காயாது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், மதியத்துக்குள் ஊசிப்போகும். இன்சுலினை ஜன்னல் வெயில் படாத கைப்பையில் வையுங்கள். பனிக்கட்டியின் மேல் நேராக வைக்கக் கூடாது. பெட்டிகளுக்குள் கட்டிவைத்துவிட்டுத் தேடவும் கூடாது. பெரியம்மாவுக்கு அல்வா வாங்குவீர்கள், அது கெடாது. ஆனால் அரிசி மூட்டை எதற்கு? ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஓர் ஆளுக்கு 40 கிலோ வரை அனுமதி உண்டுதான். பன்வேலில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் அம்மாவையும் இறக்கி, மூட்டையையும் இறக்குவது யார்? உடன்குடிக் கருப்பட்டி ஓர் ஓலைப்பெட்டி போதும்.

முக்கூடல்காரன் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆடியைக் கைவிட்டேன். தை மாதக் கடைசியில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். பாளை அக்காவின் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடல் கொஞ்சம்தான் தெரியும் என்றதற்கு முகம் வாடவில்லை, அரிசி வேண்டாம் என்றதற்குத்தான் வாடியது. ஐந்து கிலோவுக்கு இறங்கி வந்திருக்கிறார். போகும்போது ஜாம்நகர் வண்டியில் பன்வேல், திரும்பும்போது தாதரில் ஏறிப் புனே வழியாக நேரே திருநெல்வேலி என்று நினைக்கிறேன். பெரியம்மாவின் மகன் பன்வேலுக்குக் காரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதிவு எத்தனை நாளுக்கு முன் தொடங்குகிறது என்பதையும், திரும்பும் சீட்டையும் உடனே எடுத்துவிடலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

செம்பூர்வாசி எழுதியது:

நல்ல ஏற்பாடு. 2024 நவம்பர் முதல் பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாட்கள் இருந்தது. தை கடைசிப் பயணத்துக்கு நீங்கள் கார்த்திகைக் கடைசியில், காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். தத்கலை நம்ப வேண்டாம். முதல்நாள் காலையில் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்று திறந்தாலும், அதில் முதியோர் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு கிடையாது.

திரும்பும் சீட்டு அதன் தேதிக்கு 60 நாள் முன்புதான் கிடைக்கும், ஆகவே இரண்டையும் ஒரே நாளில் எடுக்க முடியாது. என்னைக் கேட்டால், திரும்பும் தேதியைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். இத்தனை காலம் கழித்துச் சேரும் அக்காவும் தங்கையும் நான்கு நாளில் பிரிய ஒப்ப மாட்டார்கள். நீங்கள் சீட்டை ரத்து செய்துகொண்டிருப்பீர்கள். பங்குனிக்குள் திரும்பிவிட்டால் போதும், ஏனெனில் சித்திரையில் பள்ளி விடுமுறையும் கொடையும் சேர்ந்து இங்கிருந்து புறப்படும் நம் ஊர் வண்டி ஒன்றிலும் இடம் இருக்காது. பெரியம்மாவின் மகனிடம் பெட்டி எண்ணை முதல்நாளே அனுப்பிவிட்டு, வண்டி ரோகாவைத் தாண்டியதும் ஒரு தடவை அழைத்துச் சொல்லுங்கள். அவர் தாராவியிலிருந்து கிளம்ப அந்த நேரம் சரியாக இருக்கும்.