வாய்ப்பாடு தெரிகிறது, பிரச்சனைக் கணக்குதான் வரவில்லை (ஆண்டு 2)

செந்தூல் அம்மா:
வணக்கம். மகன் ஆண்டு 2, தமிழ்ப்பள்ளி. நாலாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் "ஒரு டப்பாவில் 4 கரிப்பாப், 6 டப்பாவில் மொத்தம் எத்தனை?" என்றால் 10 என்று எழுதி வைக்கிறான். மொத்தம் என்று வந்தால் கூட்ட வேண்டும் என்று டியூஷனில் சொன்னார்களாம். வாய்ப்பாட்டையே இன்னும் போட்டு உருட்டவா?

பட்டர்வொர்த் டீச்சர்:
வாய்ப்பாடு போதும்மா. அவன் கதையைப் படிக்கவே இல்லை, 4, 6, மொத்தம் என்று மூன்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறான். மொத்தம் கூட்டலிலும் வரும், பெருக்கலிலும் வரும். டப்பாவையும் கரிப்பாப்பையும் கூட்டினால் என்ன கிடைக்கும் என்று அவனையே கேளுங்கள், சிரித்துவிடுவான். அப்புறம் 6 கிண்ணம் வைத்து ஒவ்வொன்றிலும் 4 புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள், பெருக்கல் என்று வாயே திறக்காதீர்கள். முதலில் ஒவ்வொன்றாக எண்ணுவான், விடுங்கள். போகப் போக 4, 8, 12 என்று தாவுவான், அதற்குப் பிறகு 6 × 4 என்று எழுதினால் அவனுக்கே விளங்கும்.

பிறை அப்பா:
தேர்வில் கொட்டை எண்ண ஏது நேரம் டீச்சர்? நாங்களெல்லாம் பிரம்படி வாங்கி மனப்பாடம் செய்துதான் வந்தோம்.

பட்டர்வொர்த் டீச்சர்:
தேர்வுத் தாளில் வட்டம் போட்டுப் புள்ளி வைக்கலாமே சார், அரை நிமிடம்கூட ஆகாது. 1993இல் அமெரிக்காவில் கார்ப்பெண்டர் என்பவரின் குழு 70 பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி 9 கதைக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தது, பெருக்கல், வகுத்தல் எல்லாம் அதில் உண்டு. ஏறக்குறைய பாதிப் பேர் ஒன்பதுக்கும் சரியான வழி பிடித்தார்கள். கையில் பொருள், முன்னால் கதை, அவ்வளவுதான்.

செந்தூல் அம்மா:
டீச்சர், கிண்ணம் வைத்ததும் 24 என்று சொல்லிவிட்டான்! ஆனால் "தம்பியிடம் 5 ரிங்கிட், அண்ணனிடம் அதைப்போல் 3 மடங்கு" என்றால் மறுபடியும் 8 என்கிறான்.

பட்டர்வொர்த் டீச்சர்:
அது கொஞ்சம் கஷ்டமான வகைதான், அதில் டப்பா மாதிரி கண்ணுக்குத் தெரிகிற குழு கிடையாது. தம்பிக்கு ஒரு கட்டம் வரைந்து 5 எழுதச் சொல்லுங்கள், அதன் கீழே அண்ணனுக்கு அதே அளவில் 3 கட்டம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்தே இந்தக் கட்டப் படம்தான். அப்புறம் ஒன்று, தாளை நீட்டாமல் கணக்கை வாயால் சொல்லிப் பாருங்கள், பையன் திணறுவது கணக்கிலா வாசிப்பிலா என்று தெரிந்துவிடும்.