வளவுக் குடும்பம் குழு: பிள்ளைக்கு என்ன பெயர்?

சுகி (லண்டன்): எல்லோருக்கும் வணக்கம். பிள்ளையின் பெயரை முடிவு செய்ய வேண்டும். இங்கே பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், பாதிக்கு மேல் போய்விட்டது. சுவாதி நாலாம் பாதம், 'தா' எழுத்து என்று ஐயர் சொன்னார். நானும் இவரும் 'தாரா' என்று நினைக்கிறோம்.

மாமி (சுன்னாகம்): தாராவா??

ரூபன் (டொரொன்டோ): குவாக் குவாக்

மாமி: பேத்திக்கு வாத்தின் பெயரா பிள்ளை? முற்றத்தில் நாலு தாரா நிற்கிறது. நான் கூப்பிட்டால் யார் வருவது?

சுகி: மாமி, நட்சத்திரம் என்றுதான் அர்த்தம்.

சின்ன மாமா (கொழும்பு): சிங்களத்திலும் தாரா வாத்துதான்

ரூபன்: மலையாளத்தில் தாறாவு

பெரியப்பா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஒலி என்பதால் ஒரே சொல் ஆகிவிடாது. சமஸ்கிருதத்தில் தாரா என்றால் விண்மீன். பாரசீகத்தின் 'சிதாரா', கிரேக்கத்தின் 'அஸ்டேர்', ஆங்கிலத்தின் 'ஸ்டார்' எல்லாம் அதன் சொந்தக்காரர்கள், ஒரு வேரில் பிரிந்தவர்கள். பௌத்தர்கள் வணங்கும் தாராவுக்கு இன்னொரு பொருளும் சொல்வார்கள், அக்கரைக்குக் கடத்திவிடுபவள் என்று. அது 'கடத்தல்' என்ற வினையடியிலிருந்து. ஆக ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு வழி. வாத்து வேறு பாதையில் வந்தது.

மாமி: வாலி பெண்சாதியும் தாராதானே. புருஷனைப் பறிகொடுத்தவள் பெயர் வேண்டாம்.

பெரியப்பா: கம்பர் அவளைத் தாரை என்கிறார். கோபத்தோடு கிட்கிந்தைக்கு வந்த இலக்குவன் முன்னால் போய் நின்று பேசி அவனை அடக்கியவள் அவள்தான். அவளுடைய கைம்பெண் கோலத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தன் தாய்மார் நினைவு வந்து தலை குனிந்தான் என்று கம்பர் பாடியிருக்கிறார். இதைவிடப் பெரிய பெண் யார்?

மாமி: எனக்குத் தெரியாத கம்பனா

வவா (பாரிஸ்): நான் ஒன்று சொல்லவா, கோபிக்க வேண்டாம். இங்கே 'தாரே' என்றால் மூளை பிசகியவன் என்று திட்டுவது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஸ்பானிஷிலும் 'தாரா' என்றால் குறைபாடு என்று என் தோழி சொல்கிறாள்.

சுகி: அக்கா நான் பாரிஸில் இல்லையே

வவா: லீவுக்கு வரமாட்டாயா? சரி, மூன்று வருஷமாக வரவில்லைதான்.

ரூபன்: ஆரம்பம்

பெரியப்பா: வவா சொல்வது சரி, ஆனால் அது அரபியிலிருந்து வந்த வேறொரு சொல். வியாபாரிகள் பொருளை நிறுக்கும்போது சாக்கின் எடை, பெட்டியின் எடை எல்லாவற்றையும் கழிப்பார்கள். எறிவது, தள்ளுவது என்ற பொருளில் அரபியில் 'தர்ஹ்'. இத்தாலியர் அதைத் 'தாரா' ஆக்கினார்கள். கழித்துவிடும் எடை என்பது பிறகு பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் குறை என்றும் ஆயிற்று.

ரூபன்: எங்கள் கடைத் தராசில் 'டேர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுவா?

பெரியப்பா: அதேதான்!!

ரூபன்: தினமும் அமத்துகிறேன், இவ்வளவு நாளும் தெரியாது

சின்ன மாமா: தராசு என்றதும் ஞாபகம் வந்தது. கிணற்றுப் பங்குப் பத்திரம் யாரிடம்?

மாமி: இப்போது அந்தக் கதை வேண்டாம் தம்பி.

பெரியப்பா: ஜப்பானில் 'தாரா' ஒரு மீன், ஆங்கிலேயர் 'காட்' என்பது. அதன் எழுத்தில் மீனும் பனியும் சேர்ந்திருக்கும். அயர்லாந்தில் தாரா ஒரு குன்று, பழைய அரசர்களோடு சேர்த்துப் பேசப்படும் இடம், ஐரிஷில் அதன் பெயர் வேறு மாதிரி. அங்கே பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வைக்கிறார்கள். ஆகவே லண்டனில் யாருக்கும் வாயில் நுழையாத பெயர் இல்லை.

சுகி: ஓம் பெரியப்பா, அதுதான் இவரும் சொன்னார். கூட வேலை செய்கிற ஐரிஷ் பிள்ளையின் பெயரும் தாராதான்.

பெரியப்பா: அதைவிட முக்கியமான ஒன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பொன் பூசிய வெண்கலத் தாரா சிலை ஒன்று நிற்கிறது, 143 சென்டிமீட்டர் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கள் கிழக்குக் கரையில் கிடைத்தது, ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் 1830இல் கொடுத்தார். கண்ணாடிக்குள் தனியாக நிற்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார் அம்மா. அந்தப் பெயரோடு எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி அங்கே இருக்கிறாள்.

வவா: அப்படியா

மாமி: திருப்பித் தர மாட்டார்களாமா?

சின்ன மாமா: கேட்டுப் பாருங்கள் மாமி

சுகி: பெரியப்பா, இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை போகிறோம்.

மாமி: தாரிணி என்று வைத்தால் என்ன? 'தா'வும் இருக்கிறது, வீட்டில் எப்படியும் கூப்பிடலாம்.

ரூபன்: எனக்குப் பெயர் வைக்கும்போதும் இப்படித்தானே. பெரியப்பா சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை, மூன்று மாதம் அப்பாவோடு கதைக்கவில்லையாம்.

பெரியப்பா: நான் சொன்னது நல்ல பெயர்.

வவா: தாரகை?

சுகி: தாரகை நீளம் அக்கா. அம்மம்மாவிடம் ஞாயிறு கேட்கிறேன், அவர் சரி என்றால் தாராதான். இல்லாவிட்டால் தாரிணியும் யோசிக்கலாம்.

மாமி: அம்மம்மாவுக்குக் காது கேட்காது, வீடியோவில் எழுதிக் காட்டு.

பெரியப்பா: மாவோரி மொழியில் தாரா ஒரு கடற்பறவை, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

சின்ன மாமா: அதுவும் பறவையா? சரி, 31க்கு மண்டப முற்பணம் யார் அனுப்பியது?

வவா: ரூபன் என்று நினைத்தேன்

ரூபன்: நான் இல்லை