பால் காய்ச்சும் வீட்டுக்கு என்ன வாங்கிப் போறது? சுவர்க்கடிகாரம் வேண்டாம்

வயர்மேன்:
குடிசை மாற்று வாரியக் குடியிருப்போ, அரசோட கலைஞர் கனவு இல்லத் திட்டத்துல கட்டின 360 சதுர அடி வீடோ, என் ஓட்டு ஃபேனுக்குத்தான். பழைய வீட்டுல இருந்து கழட்டிட்டு வர்ற ஃபேன் பெரும்பாலும் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல 54 யூனிட். அப்படி ரெண்டு ஓடினா 108. இலவசமா கிடைக்கிற 100 யூனிட் ஃபேனுக்கே போயிடுது. கரண்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவுல ஓடும், ரெண்டு மாசத்துக்கு 22 யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடும். பத்துக்குப் பத்து அறைக்கு 1200 மி.மீ. போதும்.

இதுல எல்லாரும் தவற விடறது ரெகுலேட்டர். போர்டுல பழைய ரெகுலேட்டர் இருந்தா அதைத் தாண்டி நேரா சுவிட்ச்ல இருந்து லைன் கொடுக்கணும். அப்படியே மாட்டினா நிறைய மாடல் திக்கும், உறுமும், நாளாவட்டத்துல உள்ளே இருக்கிற சர்க்யூட் போயிடும். அப்புறம் "புது ஃபேனே சரியில்ல"ன்னு பேர் ஆயிடும். மாட்டற கூலியையும் சேர்த்துக் குடுங்க, ரிமோட்டுக்கு ரெண்டு செல்லும் போடுங்க. பெட்டி பிரிக்காம பரண்ல கிடக்கிற ஃபேன் நிறைய உண்டு.

இண்டக்ஷன் அடுப்பு வாங்கிடாதீங்க. 2000 வாட் இழுக்கும், 16 ஆம்ப் பிளக் வேணும். சின்ன பாயின்ட்ல அடாப்டர் போட்டு ஓட்டினா பிளக் உருகும். அந்த வீட்டு அலுமினியப் பாத்திரம் எதுவும் அதுல சூடாகாது.

ஏழாவது மாடி:
தண்ணீர் நேரம் வச்சு வர்ற பிளாக்குக்கு டிரம்தான் நல்ல பரிசு. ஆனா 200 லிட்டர் வாங்காதீங்கப்பா. நிரம்பினா 200 கிலோ, கழுவணும்னா சாய்க்க முடியாது. விட்டமும் ரெண்டு அடிக்குப் பக்கம், குளியலறைக் கதவுல நுழையுமான்னே சந்தேகம். 100 லிட்டர்ல ரெண்டு குடுங்க, ஒண்ணு புழங்க, ஒண்ணு சமையலுக்கு. மூடி இறுக்கமா உட்காருதான்னு கடையிலேயே அழுத்திப் பாருங்க. மூடி தளர்ந்த டிரம்ல டெங்கு கொசு முட்டை வைக்கும், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேல சுவரோட ஒட்டியிருக்கும். தண்ணியை மட்டும் கொட்டினா போகாது. அதனால வாரம் ஒரு தடவை உள்பக்கம் தேய்க்க நீளக் கைப்பிடி பிரஷ் ஒண்ணும் சேர்த்துக் குடுங்க. இதையெல்லாம் மேடையில வச்சா அழகா இருக்காது, அது வேற விஷயம்.

கேஸ் வண்டி:
அடுப்பு வாங்கறதுக்கு முன்னாடி மத்திய அரசோட உஜ்வலா திட்டத்துல வந்த கேஸ் இணைப்பான்னு கேட்டுக்கோங்க, அதுல அடுப்பும் சேர்ந்தே வருது. ஏற்கெனவே அடுப்பு இருந்தா ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஆரஞ்சு சுரக்ஷா கேஸ் டியூப் 1.5 மீட்டர் வாங்குங்க. டியூப் மேலேயே காலாவதி மாசமும் வருஷமும் இருக்கும், கடையில படிச்சுப் பாருங்க. புது வீட்டுல சமையல் மேடை உயரம் மாறியிருக்கும், பழைய டியூப் எட்டாம இழுத்துப் பிடிச்சு நிக்கும், சிலிண்டர் ரெகுலேட்டர் பக்கம் கழண்டுக்க வாய்ப்பு உண்டு. கண்ணாடி மேல்பாகம் உள்ள அடுப்பைவிட எவர்சில்வர் நல்லது. இட்லிக் குண்டானை நங்குன்னு வைக்கிற வீட்டுக்குக் கண்ணாடி தாங்காது.

ஆசாரி:
கான்கிரீட் வார்த்த சுவர்ல ஆணி வளையுமே தவிர இறங்காது. கடிகாரம், சாமி படம், கொடிக்கயிறு எல்லாம் தரையில கிடக்கும். ஹேமர் டிரில் வச்சிருக்கிறவங்க 6 மி.மீ. பிட், பிளாஸ்டிக் பிளக், திருகோட போய் எட்டுப் பத்து ஓட்டை போட்டுக் குடுத்தா அதைவிடப் பெரிய சீர் இல்ல. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் போடாதீங்க, உள்ளே வயர் பைப் போகும்.

மளிகை:
ரேஷன்ல அரிசி வந்துடும். சம்பிரதாயத்துக்கு மஞ்சள், கல் உப்பு வச்சுட்டு, நல்லெண்ணெய் ஒரு லிட்டர், புளி, மிளகாய், தனியா, சீரகம், பெருங்காயம் வாங்குங்க.

புதுசா சேர்ந்தவர்:
தாய்மாமன் சீர்ல ஏற்கெனவே குக்கரும் குத்துவிளக்கும் வருதாம். பணமா மொய் எழுதிடலாமா?

ஏழாவது மாடி:
தாராளமா எழுதுங்க தம்பி. வாரிய வீடுன்னா பயனாளி பங்குத் தொகை கட்டி ஏற்கெனவே கடன்ல இருப்பாங்க. முந்தின நாளே போய் வீட்டுக்காரம்மா கையில குடுத்துடுங்க, பூ, பால், சாப்பாட்டுச் செலவுக்கு ஆகும். அன்னைக்கு மொய் நோட்டுல விழுந்தா சாயங்காலம் பந்தல்காரருக்குத்தான் போகும்.

புதுசா சேர்ந்தவர்:
ஃபேன் வாங்கினா பில்லையும் குடுக்கணுமா அண்ணா? விலை தெரிஞ்சா சங்கடமா இருக்காதா?

வயர்மேன்:
வாரன்ட்டி கார்டுல கடை முத்திரையும் தேதியும் வாங்கி, அவங்க பேரையே எழுதச் சொல்லிப் பெட்டிக்குள்ள வைங்க தம்பி. பில்லை நீங்க வச்சுக்கிட்டு, சர்வீஸ்ல கேட்டா போட்டோ எடுத்து அனுப்புங்க.