டாஸ் விளையாட்டுகளுக்குப் பழைய ஒலி அட்டை: ஏடபிள்யூஇ64 வாங்கலாமா, யமஹா சிப் உள்ளதை வாங்கலாமா?

மஞ்சக்குப்பத்தான் (கடலூர்):
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பென்டியம் 233 எம்எம்எக்ஸ் கணினி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அதன் மதர்போர்டில் பழைய வகை அட்டைகளைச் செருகும் இரண்டு ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகள் உள்ளன. 1990 முதல் 1996 வரை வெளிவந்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயக்கமுறைமை) விளையாட்டுகளை அந்தக் காலத்து ஒலியோடு விளையாட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய கணினிப் பாகங்கள் விற்பவர் ஒருவர் இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்று கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ64. மற்றொன்று தயாரிப்பாளரின் பெயரே அச்சிடப்படாத, யமஹா ஒய்எம்எஃப்719 சிப் பொருத்திய அட்டை. முதலாவதன் விலை பல மடங்கு அதிகம். அந்த விலைக்குத் தக்க மேன்மை அதில் உண்டா?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):
நண்பரே, பெயரில்லாத அட்டையையே வாங்குங்கள். நீங்கள் குறிப்பிடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றின் இசை ஒலிப்பதிவு அன்று. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியச் சாயல் என்ற கட்டளைகளை மட்டும் விளையாட்டு அனுப்பும், ஒலியை அட்டையிலுள்ள எஃப்எம் (அதிர்வெண் மாற்றத்தால் ஒலியை ஆக்கும்) சிப் அந்தக் கணத்திலேயே உருவாக்கும். 1987-இல் வந்த ஆட்லிப் அட்டையும், 1989-இல் வந்த முதல் சவுண்ட் பிளாஸ்டரும் யமஹாவின் ஒய்எம்3812 சிப்பைக் கொண்டவை. இசையமைத்தவர்கள் யமஹா சிப்புகளின் ஒலியைக் காதால் கேட்டுத்தான் ஒவ்வொரு வாத்தியச் சாயலையும் செதுக்கினார்கள். ஒய்எம்3812-இன் அடுத்த தலைமுறையான ஓபிஎல்3 ஒய்எம்எஃப்719-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஏடபிள்யூஇ64-இல் யமஹா சிப் கிடையாது. கிரியேட்டிவ் நிறுவனத்தின் சொந்த முறையான சிக்யூஎம் அதைப் போலச் செய்ய முயல்கிறது. பல பாடல்களில் தேவையற்ற உலோக ரீங்காரம் ஏறிவிடுவதை நல்ல ஹெட்போனில் எளிதாக உணரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. முந்தைய மாடலான சவுண்ட் பிளாஸ்டர் புரோவுக்காக எழுதப்பட்ட ஸ்டீரியோ ஒலியை, ஏடபிள்யூஇ64 போன்ற சவுண்ட் பிளாஸ்டர் 16 வழிவந்த அட்டைகள் மோனோவாகவே ஒலிக்கும். ஒய்எம்எஃப்719 புரோவுடன் ஒத்துப்போவதால் அந்தக் குறை அதில் இல்லை.

டாஸ்பிரியன் (நெய்வேலி):
எஃப்எம் இசையைப் பொறுத்தவரை மேலே உள்ள கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் 1994-க்குப் பிந்தைய விளையாட்டுகள் பலவற்றில் பேச்சும் வெடியோசையும் 16 பிட் (8 பிட்டைவிடத் துல்லியமான) ஒலியாக வருகின்றன. சவுண்ட் பிளாஸ்டர் புரோவாக இயங்கும்போது யமஹா அட்டை அவற்றை 8 பிட்டாகவே தரும். உங்கள் பட்டியலில் பிற்கால விளையாட்டுகள் மிகுதி என்றால், ஒய்எம்எஃப்262 என்று பொறித்த தனி ஓபிஎல்3 சிப் உள்ள ஆரம்பகாலச் சவுண்ட் பிளாஸ்டர் 16 இரண்டு பக்கமும் உதவும். பெட்டியின் பெயரை நம்பாமல் சிப்பின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் பிற்காலத்தில் வந்த பல அட்டைகளில் சிக்யூஎம்தான் இருக்கிறது.

ஏடபிள்யூஇ64-இன் உண்மையான பெருமை, வாத்தியங்களின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இசையை உருவாக்கும் அதன் இஎம்யூ8000 அலைவடிவ இசைச் சிப். அதை நேரடியாக ஆதரிக்கும் விளையாட்டுகளில் அது அருமையாக ஒலிக்கும். ஆதரிக்காதவற்றுக்காகத் தரப்படும் ஏடபிள்யூஇயுடில் நிரல், அதிக நினைவகத்தைப் பயன்படுத்தும் புரொடெக்டட் மோடில் இயங்கும் விளையாட்டுகள் பலவற்றில் வேலை செய்யாது.

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்):
நம் கடற்கரை ஊர்களில் எந்த அட்டை என்பதைப் போலவே எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். உப்புக் காற்றில் கிடந்த அட்டையின் தங்க முலாம் பூசிய விளிம்பில் பச்சைப் படலம் இருக்கிறதா, கெப்பாசிட்டர்களின் அடியில் கசிவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய படலத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் நீக்கிவிடலாம். முலாமே அரிக்கப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் அவுட், லைன் அவுட் என்று மாற்றும் ஜம்பர் (சிறு இணைப்பு முள்) இருந்தால் லைன் அவுட்டில் வையுங்கள். அட்டையிலுள்ள ஆம்பிளிஃபையரின் இரைச்சல் அதனால் விலகும்.

மஞ்சக்குப்பத்தான்:
மூவருக்கும் மிக்க நன்றி. என் பட்டியலில் முக்கால் பங்கு 1994-க்கு முந்தையவை என்பதால் யமஹா அட்டையையே வாங்குகிறேன். டாஸில் அதற்கு என்ன அமைப்புகள் தர வேண்டும்?

முத்தியால்பேட்டை:
அது மென்பொருளால் அமைக்கப்படும் பிளக் அண்ட் பிளே அட்டை என்பதால், யமஹாவின் டாஸ் அமைப்பு நிரலை, கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் இயக்க வேண்டும். விளையாட்டு அட்டையைக் கண்டறியும் முகவரி 220, அட்டை செயலியை அழைக்கும் ஐஆர்க்யூ 5, ஒலித் தரவு செல்லும் டிஎம்ஏ 1 என்று வையுங்கள். மிகப் பழைய விளையாட்டு ஏதேனும் ஒலி தராவிட்டால் ஐஆர்க்யூவை மட்டும் 7-க்கு மாற்றிப் பாருங்கள். அச்சுப்பொறிக்கான போர்ட்டும் வழக்கமாக 7-ஐயே பயன்படுத்துவதால் அதை முன்னதாக பயாஸில் முடக்கிவிடுங்கள்.