மானிட் இழை – புதுப்பிப்பு: மரியாடிபி ஏன் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது

சின்ன சர்வரில் மானிட் (சர்வீஸ்கள் ஓடுகின்றனவா என்று பார்த்து, நின்றால் எழுப்பும் மென்பொருள்) வைத்து என்ஜின்எக்ஸ் வெப்சர்வரையும் மரியாடிபி டேட்டாபேஸையும் கண்காணிக்கும் அமைப்பை முந்தைய இழையில் கொடுத்திருந்தேன். சர்வர் திடீரென நின்று எழுந்தால் டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் சுழலில் மாட்டிக்கொள்கிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள்.

காரணம் இதுதான்: ஸ்டார்ட் கட்டளை கொடுத்தபின் மானிட் இயல்பாக 30 விநாடிதான் காத்திருக்கும். மரியாடிபிக்குள் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, மாற்றங்களைக் குறித்துவைத்த தன் லாக் கோப்பைப் படித்து மீள்வதற்கு அதைவிட நேரம் பிடிக்கலாம். உடனே மானிட் 'தோல்வி' என முடிவுகட்டி, அடுத்த சோதனைச் சுற்றில் மறுபடி கை வைக்கிறது. மானிட்டின் அமைப்புக் கோப்பில் ஸ்டார்ட் வரியின் கடைசியில் டைம்அவுட்டை 120 விநாடியாகக் குறியுங்கள். கூடவே, 5 சுற்றுக்குள் 3 ரீஸ்டார்ட் ஆனால் கண்காணிப்பை நிறுத்து என்ற விதியும் அவசியம். எச்சரிக்கை மெயில் வரட்டும், மேற்கொண்டு மனிதர் பார்க்கட்டும்.

லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியும் தானே ரீஸ்டார்ட் செய்யும்படி இருந்தால் இரண்டும் மோதும். அந்த வேலையைச் சிஸ்டம்டியிடமே விட்டுவிட்டு, மானிட்டை எச்சரிக்கைக்கு மட்டும் வைப்பதே நல்லது என்பேன்.

பராமரிப்புக்காகச் சர்வீஸை நிறுத்துமுன் மானிட்டுக்கு 'அன்மானிட்டர்' (இதைக் கண்காணிக்காதே) கட்டளை கொடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் அதுவே எழுப்பிவிடும்.

மானிட்டின் ஸ்டேட்டஸ் கட்டளை வேலை செய்யாதவர்கள் அதே அமைப்புக் கோப்பில் 2812 போர்ட்டுக்கான பகுதியைத் திறக்க வேண்டும், லோக்கல்ஹோஸ்டுக்கு (அதாவது அதே சர்வருக்கு) மட்டும். வட்டில் இடத்தோடு ஐநோடையும் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் பதிவு) கவனியுங்கள். குட்டிக் கோப்புகள் குவிந்தால் இடம் மிச்சமிருந்தும் எழுத முடியாது.