துறைமுக ட்ரெய்லர் வேலை: புதுப்பிப்பு

நெடுந்தூர லாரியை விட்டுவிட்டு, சென்னைத் துறைமுகத்திலிருந்து மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளுக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் வேலைக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன், இப்போதைக்கு விடுவதாகவும் இல்லை. வாரத்தில் பாதி நாளாவது வீட்டுச் சாப்பாடு கிடைக்கிறது. ஆனால், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நகராத இரவுகளில், நடைக் கணக்கில் கூலி வாங்குபவனுக்குக் காத்திருப்பு முழுவதும் நட்டமே என்பதால், அதற்கான படித்தொகையைச் சேரும்போதே பேசி முடித்துக்கொள்வது நல்லது. பெட்டி ஏறி வண்டியை ஓரம் கட்டியதும், பெட்டியை ட்ரெய்லரோடு பிணைக்கும் நான்கு மூலைப் பூட்டுகளையும் கையால் அசைத்துப் பார்த்து, 4 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட பெட்டி எண்ணையும் கதவிலுள்ள சீல் எண்ணையும் சீட்டோடு ஒப்பிட்ட பிறகே சாலையில் இறங்குகிறேன், முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும்.