வீட்டில் இருபது விருந்தாளி: அளவோடு சில எளிய சமையல்

(சேலம் பக்கத்துக்காரர்களின் கேள்வி பதில். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் பகுதி.)

சூரமங்கலம்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு எங்க வீட்டுக்கு 20 பேர் வர்றாங்க. அதுல ஆறு குழந்தைங்க. மூணு நாள் தங்கல், நடுவுல ஒரு நாள் ஏற்காடு. ரெண்டு பர்னர் அடுப்பு, 10 லிட்டர் குக்கர் ஒண்ணு, 5 லிட்டர் ஒண்ணு இருக்கு. சமையலுக்கு ஆள் வைக்கலை. என்ன செய்யலாம், அளவோட சொல்லுங்க.

அஸ்தம்பட்டி

எதைச் செய்யக் கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணிடுங்க. தோசை, பூரி, சப்பாத்தி மூணும் வேண்டாம். ஒரு தோசைக்கு ரெண்டு நிமிஷம், ஆளுக்கு மூணுன்னு வச்சாலே ஒரு கல்லுல ரெண்டு மணி நேரம் ஒருத்தர் நின்னே ஆகணும். அடுப்பைப் பத்த வச்சிட்டு நகர்ந்து போக முடியற சமையல்தான் கூட்டத்துக்குச் சரிப்படும். நம்ம பக்கத்துக்கு அரிசிம்பருப்பு சாதம் இருக்கும்போது வேற யோசனையே தேவையில்லை.

10 லிட்டர் குக்கர்ல ஒரு ஈட்டுக்கு அளவு: பொன்னி புழுங்கலரிசி 800 கிராம், துவரம்பருப்பு 200 கிராம், சின்ன வெங்காயம் 250 கிராம், தக்காளி 250 கிராம், பூண்டு ரெண்டு முழுசு, வரமிளகாய் 8, மிளகும் சீரகமும் ரெண்டு டீஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன், கடலெண்ணெய் 100 மில்லி, தண்ணி மூன்றரை லிட்டர், உப்பு 35 கிராம். இதே மாதிரி ரெண்டு ஈடு போட்டா உங்க 20 பேருக்குப் போதும். தயிருக்குத் தனியா அரை கிலோ வெள்ளைச் சோறு சின்னக் குக்கர்ல வச்சிடுங்க. அப்பளம், ஊறுகாய் போதும், பொரியல்னு உட்காராதீங்க.

ஒரே ஈட்டுல முடிச்சிடலாம்னு குக்கரை நிரப்பாதீங்க. அரிசியும் பருப்பும் பொங்கற சாமான், குக்கர்ல பாதிக்கு மேல போகக் கூடாது. போனா கஞ்சி நுரைச்சு வெயிட் வழியா பீச்சி அடிக்கும், துவாரமும் அடைச்சுக்கும்.

அரிசி பருப்பை ஒண்ணா அரை மணி நேரம் ஊற வைங்க. தாளிச்சு வதக்கற நேரத்துல அந்த மூன்றரை லிட்டர் தண்ணியை அடுத்த பர்னர்ல கொதிக்க வச்சிடணும். இதுதான் முக்கியம். பச்சைத் தண்ணி ஊத்தினா சூடேறவே கால் மணிக்கு மேல ஆகும், அதுக்குள்ள பருப்பு அடியில படிஞ்சு பிடிச்சுக்கும். கொதிக்கிற தண்ணியை ஊத்தி, உப்பு போட்டு, அரிசியைக் கொட்டி, தட்டைக் கரண்டியால அடியை ஒரு தடவை சுரண்டி விட்டுட்டு மூடுங்க. பெருந்தீயில ஒரு விசில், சிறு தீயில ரெண்டு. ஆவி தானா இறங்கட்டும், வெயிட்டைத் தூக்கி விடாதீங்க. திறந்ததும் நெய் 50 மில்லி.

முதல் ஈடு அரை மணி நேரத்துல இறுகிடும். பரிமாறறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணி விட்டுக் கிளறினா இளகி வரும். பச்சைத் தண்ணி விட்டா சோறு ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம்னு நிக்கும். அடி பிடிச்ச வாசம் வந்தா கிளறவே கிளறாதீங்க. மேலாக்க இருக்கறதை உடனே வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க.

நாலு பேருக்குப் போடற அளவை அப்படியே அஞ்சால பெருக்கறதும் தப்பு. பெரிய பாத்திரத்துல தண்ணி ஆவியாகிப் போறது விகிதத்துல குறைவு. அதனால தண்ணியும் காரமும் கொஞ்சம் குறைச்சே ஆரம்பிச்சு, பார்த்துச் சேர்க்கணும்.

ஏற்காடு, ஒண்டிக்கடைப் பக்கம்

மேல வந்து சமைக்கற எண்ணம் இருந்தா ஒரு விஷயம். இங்க சுமார் 1500 மீட்டர் உயரம், தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். திறந்த பாத்திரத்துல பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் வேகவே வேகாத மாதிரி இருக்கும். தண்ணி தளதளன்னு கொதிக்குதேன்னு தீயைக் கூட்டிப் பிரயோஜனம் இல்லை, கேஸ்தான் போகும். குக்கர்ல வைங்க, கீழ வைக்கறதை விட ரெண்டு விசில் கூட விடுங்க. பருப்பை முக்கால் மணி நேரமாவது ஊற வைங்க.

இட்லி மாவு ஆடி மாசத்துல இங்க லேசுல புளிக்காது. சேலத்துல 8 மணி நேரத்துல பொங்கறது இங்க 14 மணி நேரம் ஆனாலும் ஆகும். கீழேயே புளிக்க வச்சு எடுத்துட்டு வாங்க. ஆனா பாத்திரத்துல பாதிதான் இருக்கணும், மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை

சாயங்காலத்துக்கு தட்டுவடை செட் வைங்க, ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய்த் துருவலும் சட்னியும் வச்சா ஒரு செட், அடுப்பே வேண்டாம். ஆளுக்கு மூணு செட்டுன்னா 60 செட், 120 தட்டுவடை. உடைஞ்சதுக்கும் சேர்த்து 140 வாங்கிக்கோங்க. உடைஞ்சதையெல்லாம் நொறுக்கிக் காய், சட்னியோட கலந்தா நொறுக்கல் ஆகும். கேரட் அரை கிலோ, பீட்ரூட் அரை கிலோ துருவி, வெங்காயம் அரை கிலோ பொடிசா நறுக்கி, புதினா கொத்தமல்லிச் சட்னி, வரமிளகாய் பூண்டுச் சட்னி.

பீட்ரூட்டைத் தனிக் கிண்ணத்துல வைங்க, கேரட்டோட கலந்தா எல்லாம் ஒரே சிவப்பாயிடும். துருவினதுல உப்பு போடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல தண்ணி விட்டுடும். உப்பு, புளிப்பு எல்லாம் சட்னியிலயே இருக்கட்டும். சட்னி கெட்டியா, கரண்டியைக் கவிழ்த்தா மெதுவா விழற பதத்துல இருக்கணும். முன்கூட்டியே அடுக்கி வச்சா பத்து நிமிஷத்துல தட்டுவடை நமத்துடும். எல்லாத்தையும் மேசையில பரப்பி விட்டுடுங்க, அவங்கவங்களே அடுக்கிச் சாப்பிடட்டும். குழந்தைங்களுக்கு அதுதான் பிடிக்கும்.

இனிப்புக்கு ஜவ்வரிசிப் பாயசம். ஜவ்வரிசி 250 கிராம், பால் இரண்டரை லிட்டர், வெல்லம் 600 கிராம். ஜவ்வரிசி மரவள்ளி மாவுதானே, கொதிக்காத தண்ணியில போட்டா கரைஞ்சு பசையாயிடும். ரெண்டு லிட்டர் தண்ணி நல்லா கொதிக்கும்போது தூவிப் போட்டு, நடுவுல வெள்ளைப் புள்ளி மறையற வரைக்கும் வேக விடுங்க. வெல்லப் பாகைத் தனியா காய்ச்சி வடிகட்டி ஆற வச்சு, அடுப்பை அணைச்சப்புறம்தான் பாலோட சேர்க்கணும். சூட்டோட சூடா சேர்த்தா பால் திரிஞ்சிடும். ஆற ஆறக் கெட்டியாகும், அதனால அரை லிட்டர் பாலைத் தனியா எடுத்து வச்சுக்கோங்க.

அம்மாப்பேட்டை

கறி சமைக்கற அன்னைக்கு பள்ளிபாளையம் சிக்கன் செய்யுங்க, மசாலா அரைக்கற வேலை இல்லை. கோழி 4 கிலோ சின்னத் துண்டா, சின்ன வெங்காயம் ஒரு கிலோ, விதை நீக்கின வரமிளகாய் 50, ஒரு தேங்காயைப் பல்லுப் பல்லா கீறினது, எண்ணெய் கால் லிட்டர், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை. ரெண்டு கிலோவா ரெண்டு வாணலியில போடுங்க. நாலு கிலோவையும் ஒண்ணுல கொட்டினா கோழி விடற தண்ணியிலேயே அவிஞ்சு போகும், வறுபடாது. தண்ணி ஊத்தவே கூடாது. பத்து நிமிஷம் மூடி, அப்புறம் திறந்தே வச்சு வத்த விடுங்க. வெங்காயம் உரிக்கறதுதான் வேலை, அதை முந்தின ராத்திரி வந்தவங்களோட உட்கார்ந்து முடிச்சிடலாம்.

சூரமங்கலம்

ஏற்காடு போறன்னைக்கு புளிசாதம், தயிர்சாதம் கட்டலாம்னு இருக்கேன். மதியம் வரைக்கும் தாங்குமா?

அஸ்தம்பட்டி

தாங்கும், ஆற வைக்கறதுலதான் இருக்கு. புளிக்காய்ச்சலை ரெண்டு நாள் முன்னாடியே செஞ்சிடுங்க. ஒன்றரை கிலோ அரிசிக்குப் புளி 200 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி, எண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் கொதிக்கணும். நிலக்கடலையை வறுத்துத் தனியா எடுத்துட்டுப் போங்க, சாப்பிடறப்போ கலந்தாதான் மொறுமொறுன்னு இருக்கும். பச்சரிசிக்கு ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி. வெந்ததைத் தாம்பாளத்துல பரப்பி, எண்ணெய் தெளிச்சு, கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் புளிக்காய்ச்சலைக் கலக்குங்க. சூட்டோட மூடினா மூடியில வேர்த்து அந்தத் தண்ணி சோத்துல சொட்டும், சீக்கிரம் கெடறது அதனாலதான்.

தயிர்சாதத்துக்கு அரை கிலோ பச்சரிசியைக் குழைய வடிச்சு, வெதுவெதுன்னு இருக்கும்போது காய்ச்சி ஆறின பால் ஒரு லிட்டர், தயிர் ரெண்டு கரண்டி மட்டும். காலையில 7 மணிக்குக் கலந்தா ஒரு மணிக்குப் பதமா இருக்கும். தயிரைக் கூட்டினா மலை ஏறறதுக்குள்ள புளிச்சிடும். வெங்காயம் போடாதீங்க. தேங்காய்ச் சட்னி அன்னைக்கு வேண்டவே வேண்டாம்.

ஏற்காடு, ஒண்டிக்கடைப் பக்கம்

குழந்தைங்களுக்கு மலை ஏறறதுக்கு முன்னாடி வயிறு நிறையக் கொடுக்காதீங்க, ரெண்டு இட்லி போதும். மேல காட்சி முனைகள்ல குரங்கு அதிகம். சாப்பாட்டுப் பையை அங்க திறக்காம, சுவரும் கூரையும் இருக்கற இடமா பார்த்து உட்காருங்க. இலை, பேப்பர் தட்டையெல்லாம் ஒரு சாக்குல போட்டுக் கீழ கொண்டு போயிடுங்க.